ஃபிராங்கன்ஸ்டைன் நாவலில் ‘நான்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் நாவலைப் படித்தவர்களும், சினிமாவாக மட்டும் பார்த்தவர்களும், ‘சுயம்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுத வேண்டிய மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு நான் கொஞ்சம் நீளமாகப் பேசிவிட்டேன். கதையின் முடிவு வரை எல்லாம் இதில் வெளிப்படும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் நாவலைப் படித்துவிட்டு வாருங்கள்.

ஃபிராங்கன்ஸ்டைன் என்பது யாருடைய பெயர்?

படைத்தவனுடைய பெயர். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன், ஜெனீவாக்காரன். ஜெர்மனியில் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன மாணவன். டாக்டர் பட்டமெல்லாம் சினிமா கொடுத்தது. அவன் உருவாக்கிய உயிருக்கு நாவலில் கடைசி வரை பெயர் கிடையாது. பெயரில்லாதவனுக்கு ஊரே சேர்ந்து படைத்தவன் பெயரை வைத்துவிட்டது. தகப்பன் பெயரைப் பிள்ளைக்கு இனிஷியலாகப் போடுகிற நமக்கு இதில் பெரிய தவறு தெரியாது. விக்டருக்குத்தான் தெரிந்திருக்கும்.

கதை என்ன? சுருக்கமாக.

விக்டர் பிணங்களிலிருந்து உறுப்புகளைச் சேகரித்து எட்டடி உயர உருவம் ஒன்றைச் செய்து உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்ததும் அருவருத்து ஓடிவிடுகிறான். கைவிடப்பட்டவன் காட்டில் திரிந்து, ஒரு குடும்பத்தை மறைந்திருந்து கவனித்து, பேசவும் படிக்கவும் கற்கிறான். அவர்களும் அடித்து விரட்டுகிறார்கள். ஆத்திரத்தில் விக்டரின் தம்பி வில்லியமைக் கொல்கிறான். ஜஸ்டின் என்ற அப்பாவிப் பெண் அந்தப் பழிக்குத் தூக்கில் தொங்குகிறாள். தனக்கு ஒரு துணை செய்து தரச் சொல்லிக் கேட்கிறான். விக்டர் ஒப்புக்கொண்டு, பாதியில் அந்தப் பெண்ணுருவைச் சிதைத்துவிடுகிறான். பிறகு நண்பன் கிளெர்வல், மணநாள் இரவில் மனைவி எலிசபெத் என்று ஒவ்வொருவராகச் சாகிறார்கள். படைத்தவன் படைக்கப்பட்டவனைத் துரத்தி வடதுருவப் பனி வரை போகிறான். அங்கே வால்டன் என்பவரின் கப்பலில் விக்டர் சாகிறான்.

‘அவன்’ என்று எழுதுகிறீர்களே, ‘அது’ இல்லையா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம். தமிழில் எழுதுபவருக்கு முதல் வரியிலேயே இந்தச் சிக்கல் வந்து நிற்கும்.

நவம்பர் மாத மழை இரவில் உருவம் உயிர் பெறும் காட்சியைப் பாருங்கள். மங்கிய மஞ்சள் கண் திறக்கிறது, ‘அது’ திணறி மூச்சு விடுகிறது. விக்டர் இங்கே அஃறிணையில்தான் சொல்கிறான். அடுத்த பத்தியிலேயே ‘அவனுடைய’ கைகால்கள், ‘அவனுடைய’ முகம் என்று மாறிவிடுகிறது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கண் திறந்தது.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் நூற்பா, ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்று தொடங்குகிறது. ‘மக்கள்’ என்று சுட்டப்படுவதே உயர்திணை. சுட்டு என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருவன் உயர்திணையாக இருக்க, இன்னொருவர் அவனை அப்படிச் சுட்ட வேண்டியிருக்கிறது. இந்த நாவலில் அவனை அப்படிச் சுட்ட ஒருவரும் முன்வருவதில்லை. பிசாசு, அரக்கன், இழிந்த புழு என்று விக்டர் விதவிதமாகத் திட்டுகிறான். அவன் தன்னை ‘நான்’ என்று பல அத்தியாயங்களுக்கு நம்மிடம் சொல்லிக்கொள்கிறான். அவ்வளவு தூரம் ‘நான்’ என்று பேசியவனை ‘அது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பல பிணங்களின் துண்டுகள் சேர்ந்தவன். அப்படியானால் அவன் யார்? யாருடைய மூளை அவனுக்கு?

மூளை மாறிப்போன கதை 1931-இல் வந்த திரைப்படத்தினுடையது. அதில் உதவியாளன் குற்றவாளியின் மூளையைத் திருடி வருகிறான். அந்த ஒரு மாற்றத்தில் நாவலின் கேள்வியே அடிபட்டுப் போனது. கெட்ட மூளை என்றால் கெட்டவன், விஷயம் முடிந்தது.

நாவலில் மூளை யாருடையது என்ற பேச்சே இல்லை. பிணவறையும் கசாப்புக் கூடமும் தன் பொருள்களைத் தந்தன என்று மட்டும் விக்டர் சொல்கிறான். அதாவது, அவனுக்குள் விலங்கும் இருக்கிறது. எட்டடி உயரம்கூட பயமுறுத்தத் திட்டமிட்டதில்லை. நுணுக்கமான பாகங்களைச் சின்னதாகச் செய்ய நேரம் பிடித்ததால் விக்டர் அளவைப் பெரிதாக்கிக்கொண்டான்.

ஆனால் அவனுக்குப் பழைய உடல்களின் நினைவு துளியும் கிடையாது. இங்கே ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக்கைக் கொஞ்சம் கூப்பிட வேண்டும். மேரி இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த 1816-இன் கடைசி வாக்கில் லாக்கைப் படித்துக்கொண்டிருந்தார். மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில், 1694-இல், லாக் ஒரு கற்பனை சொல்கிறார்: ஓர் இளவரசனின் ஆன்மா தன் நினைவுகளோடு ஒரு செருப்புத் தைப்பவனின் உடம்புக்குள் புகுந்தால் அந்த ஆள் யார்? இளவரசன்தான் என்பது அவர் பதில். ஒருவனை ஒருவனாக வைத்திருப்பது உடம்பு இல்லை, நினைவின் தொடர்ச்சி.

இந்தக் கணக்குப்படி, கை யாருடையது, கால் யாருடையது என்பதெல்லாம் பொருட்டே இல்லை. நினைவு தொடங்கிய இடத்தில்தான் அவன் தொடங்குகிறான். அவனுடைய ஆரம்ப நினைவோ ஒரே குழப்பம். பார்த்தது, தொட்டது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தன என்கிறான். வெளிச்சம் குத்த, கண்ணை மூடினான். இருட்டு பயமுறுத்த, மறுபடி திறந்தான். பிறந்த குழந்தை பேசினால் இப்படித்தான் சொல்லும்.

அதற்கு முந்தைய காலம்? அது அவன் போட்டுக்கொண்ட கோட்டின் பையில் இருந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்துவந்த உடுப்பு அது. பைக்குள் விக்டரின் நாட்குறிப்பு, அவன் உருவாவதற்கு முந்தைய நான்கு மாதக் கதை. எழுத்து கற்றதும் அதைப் படிக்கிறான். நம் பிறப்பும் நமக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு என்ன மழை என்று அம்மா சொல்வாள், ஆஸ்பத்திரிக்கு யார் ஓடினார்கள் என்று பாட்டி சொல்வாள். இவன் படித்ததெல்லாம், தன்னைச் செய்தவனுக்குத் தன்மீது இருந்த அருவருப்பு.

அவன் பேசக் கற்றது எப்படி? நம்பும்படி இருக்கிறதா?

கொஞ்சம் வேகம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கற்கும் வரிசையைப் பாருங்கள், மேரி யோசித்து வைத்திருக்கிறார்.

டி லேசி குடும்பத்தின் வீட்டோடு ஒட்டிய ஒரு தாழ்ந்த கொட்டகையில் அவன் ஒளிந்திருக்கிறான். சுவர்ப் பலகையின் இடுக்கு வழியே உள்ளே பார்க்கலாம். பார்வையற்ற முதியவர், மகன் ஃபீலிக்ஸ், மகள் அகதா. பிரான்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்டு ஜெர்மனியில் ஏழ்மையில் இருப்பவர்கள். முதலில் அவர்களுடைய சாப்பாட்டில் இவன் கொஞ்சம் திருடிக்கொண்டிருந்தான். அவர்களும் பட்டினி என்று புரிந்ததும் நிறுத்திவிட்டு, காட்டுப் பழங்களோடும் கிழங்குகளோடும் சமாளிக்கிறான். ராத்திரியில் ஃபீலிக்ஸின் கருவிகளையே எடுத்துக்கொண்டு போய் விறகு வெட்டி வாசலில் போடுகிறான். காலையில் விறகைப் பார்த்தவர்கள் ‘நல்ல ஆவி’, ‘அதிசயம்’ என்று ஏதோ சொல்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு அப்போது அவனுக்கு அர்த்தம் தெரியாது. வாழ்நாளில் அவனைப் பற்றிச் சொல்லப்பட்ட நல்ல சொற்கள் அவைதாம்.

அவன் கற்ற முதல் சொற்கள் நெருப்பு, பால், ரொட்டி, விறகு. அடுத்து பெயர்கள். இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். அந்த இளைஞனுக்கும் பெண்ணுக்கும் பல பெயர்கள் இருப்பதை அவன் கவனிக்கிறான். அவள் அகதா, தங்கை. அவன் ஃபீலிக்ஸ், அண்ணன், மகன். (ஆங்கிலத்தில் அண்ணனா தம்பியா என்று இல்லை. நான் தமிழ்க் கணக்கில் எழுதிக்கொண்டேன்.) முதியவருக்கு ஒரே பெயர், ‘அப்பா’. ஆக, ஓர் ஆள் என்றால் கூப்பிடுகிறவருக்கு ஏற்ப மாறும் ஒரு கொத்துப் பெயர்கள் என்று அவனுக்குப் புரிகிறது. தன்னைக் கூப்பிட ஒருவரும் இல்லை என்பது பிறகுதான் உறைக்கிறது.

குளத்தில் முகம் பார்க்கும் காட்சி ஏன் முக்கியம்?

தெளிந்த குளத்தில் தன் உருவத்தைக் கண்டு அவன் பின்வாங்குகிறான். அது தான்தான் என்று நம்ப முடியவில்லை. ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் ஏவாளும் தண்ணீரில் தன்னைப் பார்ப்பாள், பார்த்து மகிழ்ந்து நிற்பாள். மேரி அதைத் தெரிந்தே தலைகீழாக்குகிறார்.

இதை ‘கண்ணாடிப் பருவம்’ (குழந்தை கண்ணாடியில் தன்னைக் கண்டு ‘இது நான்’ என்று அறியும் கட்டம்) என்ற உளவியல் கருத்தோடு சேர்த்துப் பல கட்டுரைகள் இருக்கின்றன. மாணவர்களுக்கு அது உதவும். ஆனால் அதற்குப் போகுமுன் எளிய விஷயம் ஒன்றைப் பாருங்கள். அவன் தன்னை அந்த வீட்டாரோடு ஒப்பிட்டுத்தான் பயப்படுகிறான். மனித முகத்தையே அறியாதிருந்தால் குளத்தில் தெரிந்தது வெறும் ஒரு முகம். தன்னை அசிங்கம் என்று முடிவு கட்ட, முதலில் அவர்களை அழகு என்று நேசித்திருக்க வேண்டும்.

அவன் படித்த புத்தகங்கள் எவை?

காட்டில் கிடந்த ஒரு தோல் பெட்டியில் மூன்று கிடைக்கின்றன: மில்டனின் இழந்த சொர்க்கம், புளூட்டார்க்கின் வாழ்க்கை வரலாறுகளில் ஒரு பாகம், கதேயின் வெர்தர். அதற்கு முன், சஃபி என்ற அரபுப் பெண்ணுக்கு ஃபீலிக்ஸ் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வால்னியின் பேரரசுகளின் அழிவு பற்றிய நூலை வாசித்ததை, சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து இவனும் கேட்டிருந்தான்.

படித்ததன் விளைவு, கேள்விகள். நான் யார்? நான் என்ன? எங்கிருந்து வந்தேன்? எங்கே போவேன்? ஆதாமைப் போலத் தானும் யாரோடும் உறவில்லாமல் உண்டாக்கப்பட்டவன் என்கிறான். ஆனால் ஆதாமோடு கடவுள் பேசினார். ஆகவே சாத்தானே தனக்குப் பொருத்தமோ என்று தோன்றுகிறது. நாவலின் முகப்பில் மேரி எடுத்துப் போட்டிருப்பதும் மில்டனின் ஆதாம் கேட்பதுதான்: களிமண்ணிலிருந்து என்னை மனிதனாக வனையச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா? வீட்டில் கோபம் வந்தால் ‘என்னை ஏன் பெத்தீங்க’ என்று கத்தாத பிள்ளை உண்டா என்ன.

நல்லவனாகப் பிறந்து சூழ்நிலையால் கெட்டவன் என்று எழுதினால் போதுமா?

அவனே அப்படித்தான் வாதாடுகிறான். நான் நல்லவனாக இருந்தேன், துன்பம் என்னைப் பேயாக்கியது என்கிறான். தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் வில்லியம் என்ற குழந்தையின் கழுத்தை நெரித்தது அவன் கைகள். தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டினின் உடையில் குழந்தையின் பதக்கத்தை ஒளித்து வைத்ததும் அவன்தான். அதை ஆற அமர, யோசித்துச் செய்கிறான். அவனுக்கு ‘நான்’ உண்டு என்று ஒப்புக்கொண்டால், ‘நான் செய்தேன்’ என்பதையும் அவன் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும். கடைசிப் பக்கங்களில் அவன் அதை மறுக்கவில்லை என்பதால்தான் அவன்மீது எனக்கு மரியாதை.

விக்டரோ, ‘செய்கையால் இல்லாவிட்டாலும் விளைவால் நானே கொலைகாரன்’ என்று ஒரு பக்கத்தில் அழுதுவிட்டு, சாகும் தறுவாயில் தன் நடத்தையில் குற்றம் காண முடியவில்லை என்கிறான்.

இருவரும் ஒரே ஆளின் இரண்டு பாதிகளா?

விக்டரே அவனைத் தன் சொந்த ரத்தக்காட்டேரி, கல்லறையிலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட தன் சொந்த ஆவி என்று ஓரிடத்தில் சொல்கிறான். கோதிக் நாவல்களுக்கு, அதாவது அக்காலத் திகில் நாவல்களுக்கு, இரட்டை உருவம் பிடித்த விஷயம். வாசிக்கலாம், தப்பில்லை. எனக்குத்தான் இந்த வாசிப்பு அவ்வளவாக ஒட்டவில்லை. அவன் விக்டரின் இருண்ட பாதி என்று சொன்ன நிமிடமே அவனுடைய ‘நான்’ மறுபடியும் விக்டருக்குச் சொந்தமாகிவிடுகிறது.

செய்யப்படாமல் போன அந்தப் பெண்?

பலரும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய கேள்வி. ஆர்க்னி தீவுகளில் ஒன்றில் விக்டர் இரண்டாவது உருவத்தைச் செய்துகொண்டிருக்கிறான். பாதி வேலையில் அவனுக்குச் சில யோசனைகள் வருகின்றன. அவற்றில் ஒன்று: அவளும் சிந்திக்கிற ஒருத்தியாக இருப்பாள். தான் உருவாவதற்கு முன்பே பிறர் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கு அவள் கட்டுப்பட மறுக்கலாம்.

சரியான யோசனை! நாவல் முழுக்க ‘நான்’ என்ற உரிமைக்கு வாதாடியவன்கூட, அவளுடைய ‘நான்’ பற்றி ஒரு வார்த்தை யோசிக்கவில்லை. தனக்குத் துணை என்று மட்டும் கேட்டான். அவளுக்கும் ஒரு மனம் இருக்கும் என்று நினைத்துப் பார்த்த ஒரே ஆள் விக்டர். நினைத்தவுடன் அவளைத் துண்டு துண்டாகக் கிழித்துப் போடுகிறான்.

மேரி ஏன் அவனுக்குப் பெயர் வைக்கவில்லை? மறந்துவிட்டாரா?

மறக்கவில்லை. 1823-இல் இந்தக் கதை லண்டனில் நாடகமாக வந்தபோது, நடிகர் பட்டியலில் அந்தப் பாத்திரத்தின் இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்கள். மேரி போய்ப் பார்த்துவிட்டு, பெயரிட முடியாததை இப்படிப் பெயரில்லாமல் குறிப்பது நன்றாகவே இருக்கிறது என்று கடிதத்தில் எழுதினார். 1931 படத்தின் தொடக்கப் பட்டியலில் அந்தக் கோடு கேள்விக்குறியாயிற்று. ஆனால் நாடகமும் படமும் பெயரோடு சேர்த்து அவன் பேச்சையும் பறித்துக்கொண்டன. நாவலில் மிக அழகாகப் பேசுகிறவன் மேடையில் ஊமையாகவும், திரையில் உறுமுகிறவனாகவும் ஆனான்.

இன்னொன்று. 1818 ஜனவரி 1 அன்று 500 பிரதிகளோடு வந்த முதல் பதிப்பில் ஆசிரியர் பெயரும் இல்லை. அதை எழுதியது கணவர் பெர்சி ஷெல்லி என்றே எழுத்தாளர் வால்டர் ஸ்காட் போன்றவர்கள் நினைத்தார்கள். 1823 பதிப்பில்தான் மேரியின் பெயர் ஏறியது.

இதில் மேரியின் சொந்த வாழ்க்கை எவ்வளவு?

அவர் 1797 ஆகஸ்ட் 30-இல் பிறந்தார். பதினோராம் நாள் தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பிரசவக் காய்ச்சலில் இறந்தார். 1815-இல் மேரிக்குப் பிறந்த குறைமாதப் பெண் குழந்தை இரண்டு வாரத்துக்குள் இறந்தது. சில நாள் கழித்து நாட்குறிப்பில், குழந்தைக்கு வெறும் குளிர்தான், நெருப்பருகே வைத்துத் தேய்த்தோம், பிழைத்துக்கொண்டது என்று கனவு கண்டதை எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு ஜூனில், ஜெனீவா ஏரிக் கரையில், கவிஞர் பைரனின் வீட்டில் பேய்க்கதைப் போட்டி. அப்போது அவருக்கு 18 வயது, கையில் ஐந்து மாத மகன் வில்லியம். நாவலில் கொல்லப்படும் குழந்தைக்கும் அந்தப் பெயரையே வைத்தார். ஏன் என்று நான் விளக்கப் போவதில்லை.

1818 பதிப்பா, 1831 பதிப்பா?

முடிந்தால் 1818. 1831-இல் மேரி திருத்தியபோது விக்டரைப் பெரும்பாலும் விதியின் கையில் சிக்கியவனாக மாற்றினார். தேர்வு செய்கிற ‘நான்’ அதில் கொஞ்சம் மங்கிப்போகிறது. ஆனால் 1831-க்கு மேரி எழுதிய முன்னுரை அருமை, அதை மட்டும் தனியாகப் படியுங்கள். சுருக்கப் பதிப்புகள் வேண்டவே வேண்டாம். நான் பள்ளியில் படித்த சுருக்கத்தில் கொட்டகை அத்தியாயங்கள் ஒன்றரைப் பக்கம். அவனை வெறும் பூதம் என்றே பல ஆண்டுகள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் அவனைப் பார்த்து ஓடுகிறார்கள். அவன் பேச்சைக் கேட்டவர்கள் யாராவது உண்டா?

மூன்று பேர். மூவரும் எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

முதல்வர், டி லேசி. மற்றவர்கள் வெளியே போன சமயம் பார்த்து அவன் கதவைத் தட்டுகிறான். பார்வையற்ற முதியவர் உள்ளே அழைத்து உட்காரச் சொல்கிறார். உங்கள் முகம் தெரியாது, ஆனால் உங்கள் பேச்சில் உண்மை இருப்பதாகப் படுகிறது என்கிறார். பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள். அகதா மயங்கி விழ, ஃபீலிக்ஸ் தடியால் அடிக்கிறான்.

இரண்டாவது, விக்டர். மோன் பிளாங் மலையடியில் பனிக்கடல் என்னும் பனியாற்றின் மேல் சந்திக்கிறார்கள். உன் உருவத்தைப் பார்க்கும் கொடுமையிலிருந்து என்னை விடுவி என்று விக்டர் கத்துகிறான். உடனே அவன் தன் பெரிய கைகளை விக்டரின் கண்களுக்கு முன்னால் வைத்து மறைக்கிறான். இதோ விடுவித்தேன், இப்போதும் நீ என் பேச்சைக் கேட்கலாமே என்கிறான். விக்டர் அந்தக் கைகளை உதறித் தள்ளுகிறான். ஆனாலும் அதற்குப் பிறகுதான் அவனோடு குடிசைக்குப் போய் முழுக் கதையையும் கேட்கிறான்.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. குழந்தை வில்லியம் அவனைப் பார்த்ததும் தன் கைகளால் கண்ணை மூடிக்கொண்டு அலறுகிறான். அவன் அந்தக் கையை வலுக்கட்டாயமாக விலக்கி, என் பேச்சைக் கேள் என்கிறான். சற்று நேரத்தில் குழந்தை பிணம்.

மூன்றாவது, வால்டன். நாவலே வால்டன் தன் அக்காள் மார்கரெட் சேவிலுக்கு எழுதும் கடிதங்கள்தான். விக்டர் சொல்ல வால்டன் எழுதுகிறார். அதற்குள் விக்டர் வாய்வழியாக அவன் கதை. நேரடியாக அவன் குரல் நமக்கு வருவதில்லை, இரண்டு பேர் வாயைத் தாண்டித்தான் வருகிறது. இறுதியில் மட்டும், விக்டரின் பிணம் கிடக்கும் அறையில், வால்டன் அவனை நேருக்கு நேர் சந்திக்கிறார். அவனைக் கொல்லும்படி விக்டர் கேட்டுக்கொண்டிருந்தான். வால்டன் அந்த முகத்தைப் பார்த்து, தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறார். மூடிக்கொண்டு, ‘நில்’ என்று கூப்பிடுகிறார். அவன் நிற்கிறான்.

அவன் கடைசியில் சாகிறானா?

வடகோடிக்குப் போய்ச் சிதை அடுக்கி அதில் ஏறி எரிந்துபோவேன், சாம்பல் கடலில் போகும், என் உடம்பைப் பார்த்து இன்னொருவன் என்னைப் போல் ஒருவனைச் செய்ய வழி இருக்காது என்று வால்டனிடம் சொல்கிறான். சொல்லிவிட்டுக் கப்பல் ஜன்னல் வழியே கீழே நிற்கும் பனித்திட்டில் குதிக்கிறான். அலை அவனை இருட்டுக்குள் இழுத்துப் போகிறது. சிதை எரிந்ததைப் பார்த்தவர் யாரும் நாவலில் இல்லை.